கிளாசிக் 350: அலாய் முன்சக்கரம் மாட்டினேன், ஆக்சிலை இறுக்கினால் சுற்ற மாட்டேன் என்கிறது

உட்லண்ட்ஸ்350

வணக்கம். வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஸ்போக் சக்கரம், இரண்டு சக்கரத்திலும் ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு). போன மாதம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் போகும்போது, ஜோகூரில் மாச்சாப் தாண்டியதும் முன் டயரில் ஆணி. டியூப் டயர் இல்லையா, காற்று ஒரே மூச்சில் போய்விட்டது. மூன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். பின்னால் உட்கார்ந்து வந்த மனைவி அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி டியூப் இல்லாத டியூப்லெஸ்தான், அதற்கு அலாய் சக்கரம்.

ஜோகூர் பாருவில் ஒரு கடையில் 19 அங்குல அலாய் வாங்கினேன், 2.50 அகலம். பேரிங்கும் நடுவில் வரும் ஸ்பேசர் குழாயும் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். "அப்படியே மாட்டலாம் பாஸ்" என்றார்கள். சனிக்கிழமை ராத்திரி புளோக் பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில், கைபேசி வெளிச்சத்தில் மாட்டினேன். டிஸ்க்கையும், ஏபிஎஸ் சென்சார் வேகத்தைப் படிக்கும் பல்வளையத்தையும் பழைய சக்கரத்திலிருந்து எடுத்துப் போட்டேன்.

பிரச்சினை இதுதான். ஆக்சிலைக் கையால் முடுக்கினால் சக்கரம் பம்பரம். மேனுவலில் சொன்ன டார்க் (இறுக்க அளவு) வைத்தால், தள்ளிவிட்டதும் அரைச் சுற்றில் நின்றுவிடுகிறது. பிரேக் உரசுகிறதோ என்று காலிப்பரைக் கழற்றித் தொங்கவிட்டும் பார்த்தேன், அதேதான். கூடவே, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டிய ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை. அடுத்த மாதம் வருடாந்திரச் சோதனை வேறு இருக்கிறது.

ராத்திரி_டெலிவரி

ப்ரோ, ஆக்சிலை அரைச் சுற்று தளர்த்தி விடுங்கள். ஓட ஓட செட் ஆகிவிடும். என் பழைய வண்டி அப்படியே இரண்டு வருடம் ஓடியது.

கிழட்டு ஸ்பேனர்

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள் தம்பி. முன்சக்கர ஆக்சில் "செட் ஆகிற" சாமான் இல்லை. பிஐஇ விரைவுச்சாலையில் 90இல் போகும்போது அது தளர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு முதல் சந்தேகம் நடுக்குழாய். ஆக்சிலை இறுக்கும்போது அந்தப் பிடி ஃபோர்க் காலிலிருந்து வெளி ஸ்பேசருக்கு, அங்கிருந்து பேரிங்கின் உள்வளையத்துக்கு, பிறகு நடுக்குழாய் வழியாக மறுபக்க உள்வளையத்துக்குப் போக வேண்டும். குழாய் குட்டையாக இருந்தால் இரண்டு உள்வளையமும் உள்நோக்கி இழுபடும். வெளிவளையமோ சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் இறுகி உட்கார்ந்திருக்கிறது, நகராது. நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குவது குண்டுகள். கையால் முடுக்கினால் சுற்றுகிறது, டார்க் வைத்தால் நிற்கிறது என்றால் வேறென்ன?

ஒரு பேரிங்கைத் தட்டி எடுங்கள். ஹப்புக்குள் பேரிங் உட்காரும் ஒரு சீட்டிலிருந்து மறு சீட் வரை எவ்வளவு, குழாய் எவ்வளவு, இரண்டையும் வெர்னியரில் அளந்து இங்கே போடுங்கள். குழாய் மயிரிழை கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

உட்லண்ட்ஸ்350

அளந்துவிட்டேன் அண்ணே. சீட்டிலிருந்து சீட் 71.6 மி.மீ., குழாய் 70.9. வாஷர் போட்டுச் சமாளிக்கலாமா?

கிழட்டு ஸ்பேனர்

0.7 குறைகிறது! வாஷர் வேண்டாம். ஆக்சிலை நுழைக்கும்போது அது சரிந்து ஓரத்தில் மாட்டிக்கொள்ளும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. சுங்கை காடுட் பக்கம் ஏதாவது லேத் பட்டறையில் 71.7க்கு ஒரு இரும்புக் குழாய் கடைந்து வாங்குங்கள். இரண்டு முனையும் நேர்கோணமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள், நீளத்தைவிட அது முக்கியம்.

இழுபட்ட பேரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். புதியதை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள், மீன் பொட்டலத்துக்கு அடியில் இல்லாமல். ஹப்பை ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள். ஒரு பக்கத்தை அடிவரை இறக்கிவிட்டு, குழாயை வைத்து, மறுபக்கத்தைக் குழாயில் தொடும் வரை மட்டும் இறக்குங்கள், அதற்கு மேல் ஒரு தட்டு கூடாது. தட்டுவது எப்போதும் வெளிவளையத்தில். அதே அளவு பழைய சாக்கெட் ஒன்று கிடைத்தால் போதும்.

ஈசூன் ரைடர்

ஏபிஎஸ் விளக்குக்கு: சென்சாருக்கும் பல்வளையத்துக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே நாலைந்து இடத்தில் பாருங்கள். இடைவெளி எங்கும் ஒன்றாக இருந்து பழைய சக்கரத்தைவிட அதிகம் என்றால் ஹப்பில் வளையம் உட்காரும் இடத்தில் கோளாறு. இடத்துக்கு இடம் மாறினால் வளையம் வளைந்திருக்கிறது. கழற்றும்போது நெம்பினீர்களா?

டயர் பக்கவாட்டில் டியூப்லெஸ் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். 100/90-19க்கு 2.50 ரிம் சரிதான், ஆனால் பழைய டியூப் டயரையே போட்டிருந்தால் பணம் வீண். அப்புறம், சோதனைக்குப் போகுமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் வாகன மாற்றங்கள் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு, காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். விபத்து நடந்த பிறகு அவர்கள் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

உட்லண்ட்ஸ்350

நெம்பினேன். பெரிய ஸ்க்ரூடிரைவரால். ஒரு பக்கம் 0.6, எதிர்ப்பக்கம் 1.8 காட்டுகிறது. வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. புது வளையம் ஆர்டர் போட்டாகிவிட்டது.

லேத் கடை அங்கிள் குழாய்க்கு 40 வெள்ளி வாங்கினார். கடைந்து முடித்ததும் கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்தி, ஆடுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்த பிறகுதான் கையில் கொடுத்தார். பழைய பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றினால் உள்ளே மணல் போட்ட மாதிரி கரகரவென்கிறது. ஓடியது மொத்தம் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. புதியது ஃப்ரீசரில் இருந்ததை மனைவி பார்த்துவிட்டாள். இந்த முறை நிறையப் பேசினாள்.

நேற்று முழு டார்க் வைத்தேன். தள்ளிவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றுகிறது. காலிப்பர் ஊசிகள் காய்ந்து கிடந்தன, கிரீஸ் போட்டதும் டிஸ்க் உரசும் சத்தமும் போய்விட்டது. டயர் டியூப்லெஸ்தான், பார்த்துவிட்டேன்.

தனிச்செய்தியில் கேட்கிறவர்களுக்கு: பழைய ஸ்போக் சக்கரம் விற்பனைக்கு இல்லை.