மூணு கலர் பூனை வளர்ப்பவர்கள் உள்ளே வாங்க: மேரி லயனை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

பூனைக்காரி

எங்க வீட்டுச் செல்லம்மாவுக்கு இது முதல் பிரசவம். கறுப்பு, செவலை, வெள்ளை மூணும் திட்டுத் திட்டாகக் கலந்த உடம்பு. அவள் வயிறு தொங்க ஆரம்பித்ததிலிருந்து அடுத்த வீட்டு ஆச்சிக்கும் எனக்கும் வழக்கு. அவர் வீட்டுச் செவலைக் கடுவன்தான் காரணம் என்கிறேன் நான். "என் பிள்ளை வாசப்படி தாண்டாது" என்கிறார் ஆச்சி.

அது கிடக்கட்டும். செல்லம்மா குட்டியாக இருந்தபோது ஊசி போடக் கொண்டுபோயிருந்தேன். கூடையை நான் திறக்கவே இல்லை. டாக்டர் கம்பி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சீட்டில் 'பெண்' என்று எழுதிவிட்டார். எப்படி சார் என்று கேட்டால், "மூணு கலர்னா பொட்டைதாம்மா. ஏன்னு தெரியணும்னா மேரி லயன்னு தேடிப் பாருங்க" என்றார்.

தேடினேன். எலிகளை வைத்து ஆராய்ந்த இங்கிலாந்து மரபியல் விஞ்ஞானியாம். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்று என்பது பத்தாம் வகுப்பிலேயே படித்ததுதான். அந்த இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை என்பது எனக்குப் புதிது. கரு சில நாள் வயதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றைச் சுருட்டி மூலையில் போட்டுவிடுகிறதாம். அம்மா கொடுத்ததா, அப்பா கொடுத்ததா என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான். அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் அதே எக்ஸைத்தான் மூடி வைத்திருக்கும். செவலை நிறத்துக்கான ஜீன் எக்ஸில் இருக்கிறது. அது திறந்திருக்கிற இடத்தில் செவலை மயிர், மூடியிருக்கிற இடத்தில் கறுப்பு மயிர். செல்லம்மா பிறப்பதற்கு முன்னால் நடந்த குலுக்கலின் முடிவை முதுகில் சுமந்துகொண்டு திரிகிறாள்!

வீட்டிலோ கல்லூரியிலோ ஆஸ்பத்திரியிலோ இந்த அம்மாவின் கண்டுபிடிப்போடு நேருக்கு நேர் மோதியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன்.

பழைய விலங்கியல்

மோதினேன். தோற்றேன்.

1994, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. 'பார் உறுப்பு' பார்க்கும் செய்முறை. குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி, கண்ணாடியில் தடவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பெண்களின் செல்லில் மட்டும் நியூக்ளியஸ் ஓரமாக ஒரு கரும்பொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பூனைக்காரி மேடம் சொன்ன அந்தச் சுருட்டிப் போட்ட எக்ஸ்தான் அது. வகுப்பில் பெண்கள் ஏழு பேர், பையன்கள் இருபத்தைந்து. ஒரு கன்னத்துக்கு மூணு பேர் வரிசை.

இரண்டு மணி நேரம் தேடியதில் தூசி தெரிந்தது, சாயக் கட்டி தெரிந்தது, என் இமை மயிர்கூடத் தெரிந்தது. கடைசியில் புத்தகப் படத்தை அப்படியே வரைந்து அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். பத்துக்கு ஒன்பது மார்க்.

பிறகு நானே வாத்தியாராகி இந்தப் பாடத்துக்குத் தயாரித்தபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது. முர்ரே பார் என்ற விஞ்ஞானி இதைப் பார்த்தது 1949இல், கனடாவின் ஒன்டாரியோவில். தேடிப் போனது வேறு. நரம்புச் செல்கள் வேலை செய்து களைத்தால் என்ன மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் அவருடைய மாணவர் பெர்ட்ராமுக்கும் சில விலங்குகளின் செல்லில் மட்டும் பொட்டு தெரிந்தது. பதிவேட்டைப் புரட்டினால் அவை எல்லாம் பெண். என்ன விலங்கு என்கிறீர்கள்? பூனை!

அந்தப் பொட்டு என்ன என்பது பத்து வருஷம் பிடிபடவில்லை. அது இறுகிச் சுருண்ட ஒற்றை எக்ஸ் என்று 1959இல் சுசுமு ஓனோ என்ற விஞ்ஞானி சொன்னார். ஏன் சுருள்கிறது, சுருண்டால் என்ன ஆகும் என்று சொல்ல லயன் வர வேண்டியிருந்தது.

இப்போது என் வகுப்பில் யாராவது "ஒண்ணுமே தெரியலை சார்" என்றால் முழு மார்க் போட்டுவிடுகிறேன்.

வாலறுந்தவன்

எங்க தெருவில் மூணு கலர் ஆண் பூனை இருக்கிறது. டாக்டரை வரச் சொல்லுங்கள். சவால்.

எலிப்பண்ணை

வாலறுந்தவன் சார், இருக்கலாம். மூணு கலர் பூனைகளில் ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒன்று ஆணாகப் பிறக்கும். அதற்கு ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமோடு சேர்த்து எக்ஸ் இரண்டு இருக்கும். பெரும்பாலும் குட்டி போட வைக்காது.

நான் இங்கிலாந்தில் நாலு வருஷம் எலிகளோடு குப்பை கொட்டியவன். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஹார்வெல் என்று ஓர் இடம், அணு ஆராய்ச்சிக்குப் பேர்போனது. ஒரு பயிற்சிக்காக அங்கே போனபோது 'மேரி லயன் மையம்' என்ற பலகையைப் பார்த்தேன். 2004இல் திறந்த எலி மரபியல் மையம். அணு உலைகள் இருந்த ஊரில் எலிக்கு என்ன வேலை? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, கதிர்வீச்சு நம் பேரன் பேத்திகளை என்ன செய்யும் என்ற பயம் எல்லோருக்கும். அதை எலிகளில் பார்க்கத்தான் அரசு காசு கொடுத்தது. லயன் எடின்பரோவில் அந்த வேலையில் சேர்ந்து, எலிகளுக்கு இடம் போதாமல் போனதால் 1950களின் நடுவில் குழுவோடு ஹார்வெல்லுக்கு வந்தவர்.

1925இல் நார்விச்சில் பிறந்தார். 1943இல் கேம்பிரிட்ஜ் கிர்ட்டன் கல்லூரியில் விலங்கியல். பையன்களோடு ஒரே பாடம், ஒரே பரீட்சை. ஆனால் 1948க்கு முன்பு அங்கே பெண்களுக்கு முழுப் பட்டம் கிடையாது. 'பேருக்கு' ஒரு பட்டம் கொடுத்து அனுப்பினார்கள்.

எனக்குப் பிடித்த பாத்திரம் ஓர் எலி. ஹார்வெல்லில் 'மாட்டில்ட்' என்று ஒரு வகை: பெண்களுக்குத் திட்டுத் திட்டான மயிர், அதே ஜீன் திரிபு வந்த ஆண்கள் செத்துப்போகும். ஒருநாள் திட்டு மயிரோடு ஓர் ஆண் உயிரோடு திரிந்தது. வேறொருவர் என்றால் குறிப்பேட்டில் 'விதிவிலக்கு' என்று எழுதி மூடியிருப்பார். லயன் அதை இணை சேர்த்துப் பார்த்தார். யோசித்தார். கரு பிளக்கத் தொடங்கிய பிறகு ஏதோ ஒரு செல்லில் திரிபு விழுந்திருக்க வேண்டும். அதனால் இந்த ஆணின் உடம்பில் இரண்டு வகைச் செல்கள் கலந்திருக்கின்றன, பிழைத்தும் விட்டது. சரி. ஆனால் இதன் திட்டுகளும் பெண் எலிகளின் திட்டுகளும் ஒரே மாதிரி அல்லவா இருக்கின்றன! அப்படியானால் பெண் எலிகளின் உடம்பும் இரண்டு வகைச் செல்களின் கலவைதானா?

அவ்வளவுதான். மற்றவை எல்லாம் ஏற்கெனவே அச்சில் இருந்தவை. ஓனோவின் பொட்டு இருந்தது. ஒரே ஒரு எக்ஸோடு பிறந்த பெண் எலி நன்றாகவே குட்டி போடுகிறது, அதாவது ஒரு எக்ஸே போதும் என்ற செய்தியும் 1959இலேயே வந்திருந்தது. இவற்றைச் சேர்த்து 1961 ஏப்ரல் 22 நேச்சர் இதழில் ஒரு கடிதம் எழுதினார். இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கீழே ஒரே பெயர். நம் செல்லம்மா ஜாதிப் பூனையும் அதில் சாட்சிக்கு வருகிறது.

எல்லோரும் கைதட்டவில்லை. ஹன்ஸ் க்ரூனபெர்க் அந்தக் காலத்து எலி மரபியலில் பெரிய தலை. அவர் வருஷக்கணக்கில் எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். 1963இல் பெண்களின் தோல் செல்களைத் தனித்தனியாக வளர்த்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு செல்லிலிருந்தும் பெருகிய கூட்டம் அம்மா வழி, அப்பா வழி என்ற இரண்டு வகை நொதியில் ஏதாவது ஒன்றை மட்டுமே செய்தது. எனக்கென்னவோ அதோடு வாதம் முடிந்துவிட்டது என்றுதான் படுகிறது.

என் சொந்த அனுபவம் இதற்கு முப்பது நாற்பது வருஷம் பின்னால். எக்ஸை வாயடைப்பது 'எக்ஸிஸ்ட்' என்ற ஆர்.என்.ஏ. அது புரதம் எதுவும் செய்யாது. தான் பிறந்த எக்ஸின் மேலேயே போர்வை மாதிரி படர்ந்துகொள்ளும். 1991இல் தெரிய வந்தது. பெண் எலியின் ஸ்டெம் செல்களில் அதை ஒளிரவைத்து இருட்டறையில் பார்ப்பது என் வேலை. முதல் நாள் ஊசிமுனை போல இரண்டு புள்ளி. நாலாம் நாள் ஒன்று மேகமாகப் பரவியிருந்தது, மற்றது அணைந்திருந்தது. இருட்டில் தனியாக உட்கார்ந்து "அடப்பாவி" என்றேன். தமிழில்தான்.

ரெண்டு பிள்ளை அம்மா

பூனைக் கதைக்கு நடுவில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எங்கப்பாவுக்கு ஹீமோஃபிலியா, ரத்தம் சரியாக உறையாத வியாதி. ஒரு முட்டி நீட்ட வராது. என் மூத்த பையனுக்கும் அதே. அந்த ஜீனும் எக்ஸில்தான் இருக்கிறது. எனக்கும் தங்கைக்கும் அப்பாவின் எக்ஸ் ஒன்று கட்டாயம் வந்திருக்கும். "நீங்க கேரியர்தான், ஜீனைச் சுமக்கிறவங்க, உங்களுக்கு ஒண்ணும் வராது" என்று சொல்லிச் சொல்லியே அனுப்பினார்கள். எனக்கு மாதவிடாய் பத்து நாள் நிற்காது. கடைவாய்ப்பல் பிடுங்கியபோது மூணு நாள் தலையணை நனைந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் "பையனைப் பார்த்துப் பார்த்து உங்களுக்குப் பயம் வந்துடுச்சு" என்றார்கள்.

முப்பத்தெட்டு வயதில்தான் ஒரு டாக்டரம்மா, ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் எட்டு என்ற புரதத்தின் அளவு பார்க்கச் சொன்னார். 28 சதவீதம். ஐம்பதுக்குக் கீழே போகக் கூடாதாம். தங்கைக்கு 71. அதே அப்பா, அதே பழுது. அவளுக்கு எதுவும் இல்லை.

டாக்டரம்மா காகிதத்தில் நிறைய வட்டம் போட்டு, சிலவற்றைக் கறுப்பாக்கிக் காட்டினார். ஈரலில் அந்த ஃபேக்டரைச் செய்யும் செல்களில் எனக்கு நல்ல எக்ஸ் நிறைய மூடிக்கொண்டுவிட்டது, தங்கைக்குக் குறைவாக மூடியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அந்தச் சமயத்தில் லயன் என்ற பெயரைச் சொன்னார். நான் சிங்கம் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். வியாதி இருக்கிறது என்பதற்காக அல்ல. இது வெறும் பயம் இல்லை என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்களே, அதற்காக.

பூனைக்காரி

அக்கா, எழுதியது நல்லது. பெண்கள் இருக்கிற ஹீமோஃபிலியா வீடுகளில் இதைப் படிக்கக் கொடுக்கிறேன்.

திருத்தக்காரர்

ஒரே ஒரு திருத்தம். வெள்ளை நிறத்துக்கும் எக்ஸுக்கும் சம்பந்தமில்லை, அது வேறு ஜீனின் வேலை. ஆனால் வெள்ளை இருக்கும் பூனையில் கறுப்பு, செவலைத் திட்டுகள் பெரிசு பெரிசாக இருக்கும். வெள்ளை இல்லாவிட்டால் எள்ளும் மஞ்சளும் கலந்து தூவியது மாதிரி இருக்கும்.

இன்னொன்று. 2001 டிசம்பரில் டெக்சாஸில் ரெயின்போ என்ற மூணு கலர் பூனையை குளோன் செய்தார்கள். பிறந்த குட்டியில் செவலை துளிக்கூட இல்லை. எடுத்த செல்லில் செவலை எக்ஸ் மூடியிருந்தது, குளோன் ஆன பிறகும் அது திறக்கவே இல்லை. செல்லப் பிராணியை நகலெடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் இதைக் கேளுங்கள்.

அந்தச் செவலை ஜீன் எது என்றே 2025 வரை உறுதியாகவில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகத் தேடி, எக்ஸில் சுமார் 5,000 டி.என்.ஏ. எழுத்துகள் காணாமல் போனதுதான் காரணம் என்று ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். லயன் 2014 கிறிஸ்துமஸ் அன்று போய்ச் சேர்ந்துவிட்டார். இது தெரிந்திருந்தால் ரசித்திருப்பார்.

வாலறுந்தவன்

மறுபடி போய்த் தூக்கிப் பார்த்தேன். பெண்தான். மன்னிக்கவும்.

பூனைக்காரி

நேற்று ராத்திரி பிரசவம்! நாலு குட்டி. செவலை ஆண் இரண்டு, மூணு கலர் பெண் ஒன்று, நெஞ்சில் மட்டும் வெள்ளை வைத்த கறுப்புப் பெண் ஒன்று. ஆச்சி காலையிலிருந்து வாசலில் நிற்கிறார். தீர்ப்பு சொல்லுங்கள்.

பழைய விலங்கியல்

செவலை ஆண்களை விட்டுவிடுங்கள், அது அம்மாவிடமிருந்து வந்த எக்ஸ். கறுப்புப் பெண்தான் சாட்சி. அவள் இப்படிக் கறுப்பாக வர அப்பாவும் செவலை இல்லாத எக்ஸ் கொடுத்திருக்க வேண்டும். ஆச்சி வீட்டுக் கடுவனிடம் இருப்பது ஒரே எக்ஸ், அதுவும் செவலை. அவன் நிரபராதி.

வாலறுந்தவன்

சார், பூனை ஒரே ஈற்றில் இரண்டு கடுவனுக்கும் குட்டி போடுமே? கறுப்புக் குட்டிக்கு மட்டும்தானே நிரபராதி?

பூனைக்காரி

ஆச்சியிடம் சார் சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு டப்பா முறுக்கு கொடுத்தார்.