பெண்களுக்கான தொழில்முறை ஸ்னூக்கர் 1976-இல்தான் தொடங்கியதா?

கேள்வி: பச்சைமேசை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கிளப்பின் ஆண்டு மலருக்காகப் பெண்கள் ஸ்னூக்கரின் தொடக்க வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் அது 1976-இல் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் நடந்த பெண்கள் உலகப் போட்டியில் வேரா செல்பி பெற்ற வெற்றியிலிருந்தே தொடங்குகிறது. ஆனால், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் பெண்கள் இதைத் தொழிலாகவே ஆடினார்கள் என்று எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். என் குறிப்பேட்டில் 1949-க்கு எதிரே ஆக்னஸ் மாரிஸ் என்ற பெயரும், 1980 உலக இறுதிப்போட்டிக்கு எதிரே ஆக்னஸ் டேவிஸ் என்ற பெயரும் உள்ளன. முன்னவரைப் பற்றி வேறு எதுவும் கிடைக்கவில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: சோஹோசதுக்கம்

உங்கள் மூத்த உறுப்பினர் சொன்னது சரி. பெண்களுக்கான தொழில்முறை ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் 1934-இல் தொடங்கி, போர்க்காலத்தில் தடைப்பட்டு, 1950 வரை நடந்தது. அதற்கும் முன்னதாக, 1930-இல், அதே மேசையில் மூன்று பந்துகளால் ஆடும் பில்லியர்ட்ஸில் பெண்களுக்கான தொழில்முறை சாம்பியன்ஷிப்பை மேசை தயாரிப்பாளர்களான பரோஸ் அண்டு வாட்ஸ் நிறுவனத்தார் நடத்தினர். அதில் ஜாய்ஸ் கார்ட்னர் வென்றார். மேசை விற்பவர்களுக்குப் பெண்களையும் இந்த ஆட்டத்துக்குள் கொண்டுவர வேண்டிய வணிகத் தேவை இருந்தது என்பது வெளிப்படை. இருந்தாலும் அதை மட்டுமே காரணமாகச் சொல்வது நியாயமாகாது.

ஏனென்றால், 1931-இல் பெண்கள் பில்லியர்ட்ஸ் சங்கம் உருவானபோது அதன் பின்னால் நின்றவர் தெரெசா பில்லிங்டன் கிரெய்க். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடி 1906-இல் ஹாலோவே சிறைக்குச் சென்றவரும், அடுத்த ஆண்டில் பெண்கள் விடுதலைக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவரும் இவரே. வாக்குரிமை முழுமையாகக் கிடைத்த 1928-க்குப் பிறகு, ஆண்களின் புகை மண்டிய கூடங்களுக்குள் பெண்கள் கியூ என்னும் ஆட்டக்கோலைப் பிடித்து நிற்கும் உரிமைக்காக அவர் உழைத்தார் என்பதை உங்கள் கட்டுரையில் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஸ்னூக்கரைப் பொறுத்தவரை அந்தக் காலம் முழுவதும் ரூத் ஹாரிசனின் காலம். டர்ஹாம் பகுதியைச் சேர்ந்த அவர் 1934 முதல் 1940 வரை ஏழு முறை தொடர்ந்து வென்றார். போருக்குப் பின் 1948-இல் எட்டாவது முறையும் வென்றார். 1937-இல் அவர் எடுத்த 77 புள்ளி பிரேக்கை, அதாவது ஒரே முறையில் தவறாமல் தொடர்ந்து சேர்த்த புள்ளிகளை, சற்று எண்ணிப் பாருங்கள். தலா ஒரு புள்ளி தரும் ஒன்பது சிவப்புப் பந்துகளையும், ஒவ்வொன்றுக்கும் பின்னே ஏழு புள்ளி தரும் கருப்புப் பந்தையும் தவறாமல் பாக்கெட்டில் விழுத்தினாலும் 72 புள்ளிகள்தான் வரும். பத்தாவது சிவப்பும் அதன் பின் நான்கு புள்ளி தரும் ஒரு பழுப்பும் விழுந்தால்தான் 77. இன்றைய மெல்லிய விரிப்பைவிடத் தடித்த கம்பளி விரிப்பின் மேல், வெள்ளைப் பந்தை அத்தனை முறை வேண்டிய இடத்தில் நிறுத்திய கை அது. போட்டி ஆட்டத்தில் ஒரு பெண் நூறைத் தாண்டியது 1985-இல்தான். அப்போது ஸ்டேசி ஹில்யர்டு 114 எடுத்தார்.

பதில்: பச்சைமேசை

மிக்க நன்றி, ஐயா. அப்படியென்றால் 1950-இல் எல்லாம் ஏன் நின்றுபோனது? பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லாமல் போய்விட்டதா?

பதில்: வெள்ளைப்பந்து

அப்படி எழுதிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1950-இல் தெல்மா கார்ப்பென்டர் வென்றதோடு அந்தப் போட்டி நின்றது உண்மை. ஆனால் ஆண்களின் நிலையும் அப்போது மேலானதாக இல்லை: 1950-களில் அவர்களுடைய ஆட்டமும் தளர்ந்து, 1957-க்குப் பின் 1964 வரை உலக சாம்பியன்ஷிப்பே நடக்கவில்லை. பெண்களின் தொழில்முறைப் போட்டியில் தொடக்கத்திலிருந்தே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே ஆடினார்கள். ஓரிருவர் விலகினாலே போட்டியை நடத்த முடியாது. ஆட்டத்தில் பணம் வற்றியபோது முதலில் காய்ந்தது அந்தச் சிறு வாய்க்கால்தான். ஆண்களுக்கு 1969 முதல், பந்துகளின் நிறங்களைக் காட்டும் வண்ணத் தொலைக்காட்சி கைகொடுத்தது. பெண்களோ அமெச்சூர் போட்டிகளில்தான் ஆட்டத்தைக் காத்து வந்தார்கள். செல்பியும் நியூகாசிலில் ஆசிரியப் பணியிலிருந்தபடியேதான் ஆடினார்.

1976 போட்டியைத் தொழில்முறைப் போட்டி என்று குறிப்பிடுவதும் தவறு. ஆண்களின் உலக சாம்பியன்ஷிப்பையொட்டி, அனைவரும் கலந்துகொள்ளக்கூடிய திறந்த போட்டியாகத்தான் அது நடந்தது.

இனி உங்கள் குறிப்பேட்டுக்கு வருகிறேன். ஆக்னஸ் மாரிஸ், ஆக்னஸ் டேவிஸ் இருவரும் ஒருவரே. இரண்டாவது, திருமணத்துக்குப் பின் வந்த பெயர். வேல்ஸில் உள்ள சாரன் என்ற கிராமத்தில் 1920-இல் பிறந்தவர். அவருடைய தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டுச் சுரங்க வேலையை விட்ட பின், ஊரிலேயே ஒரு பில்லியர்ட்ஸ் கூடம் திறந்தார். மகள் ஆட்டம் பழகியது அங்கேதான். 1939-இல் அமெச்சூர் பட்டம், 1949-இல் தொழில்முறைப் பட்டம், நீண்ட இடைவெளிக்குப் பின் 1978-இல் மீண்டும் அமெச்சூர் பட்டம், பிறகு ஏறத்தாழ அறுபது வயதில், 1980-இல், ஹேலிங் தீவில் உலக இறுதிப்போட்டி. அதில் ஆஸ்திரேலியாவின் லெஸ்லி மெக்கில்ரத்திடம் தோற்றார்.

பதில்: பச்சைமேசை

இரண்டு பெயர்களையும் தனித்தனிப் பக்கங்களில் எழுதி வைத்திருந்தேன், ஐயா. இப்போது இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். கட்டுரையை 1930-இல் தொடங்கி, சாரன் கிராமத்துக் கூடத்தை அதன் நடுவில் வைக்கப் போகிறேன்.