பாசி கோக்கும்போது நிறம் ஏமாற்றிய அனுபவங்கள்

செந்தூல் அக்கா:

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள். ஏழு மாதமாக மனத்தில் கிடந்து உறுத்துகிறது.

கிள்ளானில் இருக்கும் ஒரு அம்மா, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று சர மாலை கேட்டார். புடவை எம்.எஸ். நீலம், அரக்கு பார்டர். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா கட்டியதால் பேர் வாங்கிய அந்த நீலம், தெரியும்தானே. வாட்ஸ்அப்பில் படம் வந்தது. புடவையை நேரில் பார்க்கவில்லை. படத்தை வைத்துக்கொண்டு மஸ்ஜிட் இந்தியா பக்கம் ஒரு நாள் முழுக்க அலைந்து, பதினொன்றாம் நம்பர் அளவில் அதே நீலத்தைப் பிடித்தேன். டிரான்ஸ்பரன்ட் பாசி, உள்ளே வெள்ளிப் பூச்சு இல்லாத ரகம். நடு நடுவே அரக்கில் சொட்டு மணி.

என் மேசையில் வெள்ளைத் துண்டு விரித்துத்தான் கோப்பேன். அதன்மேல் அந்த மாலை கிடந்தபோது, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பாசியும் நீல விளக்கு மாதிரி எரிந்தது. என் கைவேலையைப் பார்த்து நானே கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மண்டபத்தில் மஞ்சள் விளக்குகள். பெண் மேடைக்கு வந்தாள். கழுத்தில் மாலையே இல்லை. போடாமல் வந்துவிட்டாளோ என்று பதறி நாலு வரிசை முன்னே போனேன். இருந்தது. கறுப்புக் கயிறு கட்டியது போல இருந்தது. வெள்ளைத் துண்டின்மேல் வைத்தால் கீழேயிருந்து வெளிச்சம் திரும்பி வந்து பாசிக்குள் நுழைகிறது. கருநீலப் பட்டின்மேல் வைத்தால் திரும்பி வர எதுவும் இல்லை. மஞ்சள் விளக்கிலோ நீலமே குறைவு. ஒன்றுக்கு இரண்டாக அடி.

அந்த அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார்: "பரவாயில்லைம்மா, பக்கத்துல வந்தா நல்லாத் தெரியுது." அந்தப் 'பரவாயில்லை'தான் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

ஊசிநூல்:

அக்கா, அந்த வெள்ளைத் துண்டை எடுத்து மடித்து வையுங்கள். எனக்கும் இதே கதிதான், ஆனால் துணியில் இல்லை, நூலில்.

சலங்கை பூஜைக்கு ஒரு சின்னப் பெண்ணுக்கு எலுமிச்சை மஞ்சளில் கைவளை. இரவு பதினொரு மணிக்கு வெள்ளை நைலான் நூல் தீர்ந்துபோனது. கறுப்பு நூல்தான் இருந்தது. பாசிக்குள்ளே போகிற நூல் யார் கண்ணில் படப்போகிறது என்று பாதி வளையைக் கறுப்பில் முடித்தேன். காலையில் பார்த்தால் பாதி எலுமிச்சை, பாதி ஊறுகாய். மஞ்சளுக்குள் கறுப்பு தெரிந்து பாசி பச்சை கலந்த அழுக்கு நிறமாகியிருந்தது. குழந்தை அதையே கையில் போட்டுக்கொண்டு, "ஆன்டி, இந்தப் பக்கம் கழுவலையா?" என்று கேட்டாள். நல்ல மரியாதையான பிள்ளை, உண்மையாகவே கேட்டாள்.

இப்போது எட்டு நிறத்தில் நூல் வைத்திருக்கிறேன். டிரான்ஸ்பரன்ட் பாசிக்கு நூலும் ஒரு நிறம்தான்.

ஜார்ஜ்டவுன்காரி:

உங்கள் இருவருடையதும் வெளிச்சத்தின் குற்றம். என்னுடையது அறியாமை.

எங்கள் தெருவில் ஒரு பெண், பள்ளிக்கூட ஆசிரியை, பெரானாக்கான் குடும்பம், அதாவது தலைமுறைகளுக்கு முன் இங்கே குடியேறி மலாய் வழக்கங்களோடு கலந்த சீனர்கள். பாட்டிக்கு எண்பதாவது பிறந்தநாள், கெபாயா என்கிற அவர்கள் மேல்சட்டைக்கு மேலே போட மாலை வேண்டும், நிறம் உன் விருப்பம் என்றாள். அவர்கள் வீட்டு அலமாரியில் நீலமும் வெள்ளையுமாகப் பழைய பீங்கான் தட்டுகள் பார்த்திருக்கிறேன். அதையே பிடித்துக்கொண்டேன். பீங்கான் நீலம், பால் வெள்ளை, ஓரத்தில் கொஞ்சம் பாசிப் பச்சை. நீலத்துக்குத் தங்கம் ஒட்டாது என்று கொக்கியை வெள்ளியில் போட்டேன். நடுவில் ஏழு நன்னீர் முத்து. இதுவரை நான் கோத்ததிலேயே அழகான மாலை அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

பாட்டியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் போட்டுக்கொண்டார். பெருவிரலால் முத்துக்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார், ஜபமாலை உருட்டுவது போல. ஏழும் ஆனதும் மறுபடி முதலிலிருந்து. பிறகு மலாயில், "அழகாக இருக்கிறது, அப்புறம் போட்டுக்கொள்கிறேன்" என்றார். கேக் வெட்டும்போது அவர் கழுத்தில் அது இல்லை.

ஒரு வாரம் கழித்துப் பேத்திதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்தக் காலத்து நோன்யாக்கள், அதாவது பெரானாக்கான் பெண்கள், துக்கம் காத்தது நீண்ட நாள். முதலில் கறுப்பு, அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. தங்கம் கூடாது. வெள்ளியும் முத்தும்தான். முத்து கண்ணீருக்கு அடையாளம். அந்த நீல வெள்ளைத் தட்டுகூட விசேஷத்துக்கு எடுப்பதில்லை. விசேஷத்துக்கு ரோஜா நிறமும் பச்சையும் போட்ட பூப் பீங்கான்தானாம். நான் நீலம், பச்சை, வெள்ளி, முத்து என்று ஒன்று விடாமல் சேர்த்து, தாத்தாவை இழந்த அந்தப் பாட்டிக்கு எண்பதாவது பிறந்தநாளில் கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் சர்ச் தெருவில் இருக்கும் பெரானாக்கான் மாளிகைக்குப் போய், பாசியில் தைத்த செருப்புகளை உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருடம் அந்த வாசலைத் தாண்டித்தான் நடந்துகொண்டிருந்தேன். ரோஜா, மயில் பச்சை, வெண்ணெய் மஞ்சள். நம் ஊர்ப் பாவாடை தாவணிக்குக் கொஞ்சமும் குறையாத துணிச்சல். அந்த நிறங்களில் இன்னொரு மாலை செய்து சீனப் புத்தாண்டுக்கு முன் கொடுத்தேன். முதல் மாலையைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. பாட்டியும் கொடுக்கவில்லை.

மணிக்கோவை:

ஜார்ஜ்டவுன் சகோதரி சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஒன்று. வழக்கம் வேறு, நிறம் வேறு. ஒருவருடைய வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். நிறம் அப்படி இல்லை, அதற்குக் கண்ணைப் பழக்க வேண்டும். செந்தூல் அக்காவின் சிக்கலை வழக்கத்தோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

என் கதை சின்னது. பதினைந்தாம் நம்பரில் பவளச் சிவப்பும் இலைப் பச்சையும் ஒன்று விட்டு ஒன்று கோத்த கைப்பட்டை. கையில் வைத்துப் பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது. மேசைக்கு எதிர்ப்புறம் போனால் காய்ந்த புளி நிறம். அவ்வளவு சின்னப் பாசியில் எதிர் எதிர் நிறங்களை மாற்றி மாற்றிப் போட்டால், தூரத்தில் கண் அதைக் கலந்துவிடுகிறது. வாங்க வந்தவர் எதிர்ப்புறத்திலிருந்தே திரும்பிப் போனார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கைப்பேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டு பாசியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், என்ன நிறமாக இருந்தாலும் தூரத்தில் ஒன்றோடொன்று கரையும். ஒன்று வெளிர், ஒன்று அடர்த்தி என்று இருக்க வேண்டும். அதேபோல் பளபளப்பு. வெள்ளி உள்பூச்சு, பளபளப்பில்லாத மேட், வானவில் பூச்சுள்ள ஏபி மூன்றையும் ஒரே சரத்தில் போட்டால் ஒரே நிறம்கூட மூன்று நிறமாகத் தெரியும். எனவே பளபளப்பை மாற்றுகிறீர்களா, நிறத்தைக் குறையுங்கள். நிறத்தைக் கூட்டுகிறீர்களா, பளபளப்பை ஒன்றாக வையுங்கள். அளவு, பத்தில் ஆறு பங்கு ஒரு நிறம், மூன்று பங்கு அடுத்தது, ஒரு பங்கு எடுப்பான நிறம்.

பக்கத்து நிறம் எப்படி ஏமாற்றும் என்பதை ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1839இலேயே விளக்கமாக எழுதிவிட்டார். பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவு அவர் பொறுப்பு. கறுப்பு நூல் வெளுப்பாக இருக்கிறது, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்தன. நம் பாசிக்கும் இதேதான். டப்பாவில் தனியாகப் பார்த்து வாங்காதீர்கள். கடைக்காரரிடம் கேட்டு உள்ளங்கையில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிப் பாருங்கள், கடை வாசலுக்கு வந்து பாருங்கள்.

கத்திரிப்பூ:

மணிக்கோவை அண்ணே, ஆறு மூன்று ஒன்று என்று எல்லாருக்கும் அளந்து கொடுக்காதீர்கள். கிளிப்பச்சை உடம்பு, வாடாமல்லி கோர்வைப் பார்டர், இரண்டும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. எங்கள் அம்மாவின் கல்யாணப் புடவை அது. பிரிக்பீல்ட்ஸில் இன்றைக்கு அதைக் கட்டிக்கொண்டு நடந்தாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தப் புடவை எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

வழக்கத்தைக் கேட்க ஒரு கேள்வி போதும் என்றீர்கள். நான் கேட்டேன். மணப்பெண்ணின் அம்மாவிடம் மாதிரிப் படம் காட்டி, சரி என்ற பிறகுதான் கோத்தேன். பொன்னிறமும் தந்த வெள்ளையும், இடையிடையே ஒரு கறுப்புப் பாசி. அந்தக் கறுப்புதான் பொன்னைத் தூக்கிக் காட்டியது. முதல் நாள் சாயங்காலம் பாட்டி வந்து பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு கழுத்துல கறுப்பா?" என்றார். வீடே அமைதியாகிவிட்டது. அம்மா என்னைப் பார்த்தார், நான் கத்தரியை எடுத்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து, நாற்பத்தொரு கறுப்பு மணியையும் பிரித்தெடுத்து, அரக்கு வைத்துக் கோத்து முடிக்கும்போது விடியற்காலை மூன்று.

அடுத்த வாரமே பினாங்கிலிருந்து ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம். நிக்காவுக்குக் கருகமணி. அவர்களுக்குத் தாலியே அதுதான். நல்ல கறுப்பாக, ஒரே அளவாக வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்ததிலேயே நல்ல கறுப்பு, பிரித்தெடுத்துத் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்த அந்த நாற்பத்தொன்றுதான். அதைத்தான் கோத்தேன். பெண்ணின் அம்மா கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு கழுத்து வேண்டாம் என்ற மணி என்பதை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டுமா? அன்றைக்குச் சொல்லவில்லை. புது மணி வாங்கியிருக்கலாம். கடைக்குப் போக இருபது நிமிடம் ஆகியிருக்கும். அதுதான் என்னை விடவில்லை.

பட்டர்வொர்த்வாசி:

நான் மகளுக்காகக் கோக்கிறவன், விற்பதில்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கடாரம், அதாவது கெடா பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனேன். மெர்போக் அருங்காட்சியகம். இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். அந்தப் பகுதியில், சுங்கை மாஸில், ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் கண்ணாடிப் பாசி செய்திருக்கிறார்கள். நம் அரிக்கமேட்டில் செய்த அதே ரகம், கண்ணாடிக் குழாயை இழுத்துத் துண்டு போடுவது.

அந்த ரகத்தில் ஒரு செங்கல் சிவப்பு உண்டு. செம்பு சேர்த்து வருகிற சிவப்பு. பளபளப்பே இல்லை, வெளிச்சம் ஊடே போகாது. கூடவே மங்கிய மஞ்சள், பச்சை, நீலம். இவ்வளவு வருடம் பளபளவென்று தேடித் தேடி வாங்கியதெல்லாம் வீண் என்று தோன்றியது. திரும்பி வந்ததும் மேட் பாசியில் அதே நாலு நிறத்தைக் கோத்தேன். மகள் பார்த்துவிட்டு, "பூந்தொட்டி கலர்ப்பா" என்றாள். ஆனால் அதைத்தான் கழற்றாமல் போட்டிருக்கிறாள். செந்தூல் அக்கா, கருநீலப் பட்டுக்கு இந்தச் செங்கல் சிவப்பை ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

ரவாங் மதினி:

யாரும் சாயத்தைப் பற்றிப் பேசவில்லையே. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த தங்கைக்கு இளஞ்சிவப்பில் இரண்டு சரம் கோத்துக் கொடுத்தேன். பத்துமலை வெயிலில் 272 படி ஏறி முடித்தபோது மஞ்சள் ரவிக்கையின் கழுத்தோரம் முழுக்க ஆரஞ்சுக் கறை. மாலையில் பாதிப் பாசி வெறும் வெள்ளைக் கண்ணாடி.

நல்ல இளஞ்சிவப்புக் கண்ணாடிக்குத் தங்கம் சேர்க்க வேண்டும், அதனால் விலை ஏறும். மலிவாகக் கிடைக்கிற இளஞ்சிவப்பிலும் கத்திரிப்பூ நிறத்திலும் பலது வெறும் சாயம் அல்லது உள்பூச்சு. நம் ஊர் வேர்வைக்கு நிற்காது. கோக்கும் முன்னே பத்துப் பாசியை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் ஒரு இரவு ஊற வையுங்கள். இன்னொரு பத்தை உப்புத் தண்ணீரில் நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி இறுக்குங்கள். இன்னும் ஒரு பத்து, வெயில் அடிக்கிற ஜன்னலில் ஒரு மாதம், பாதியைக் காகிதத்தால் மூடி. மூன்றிலும் நின்றால்தான் அது நிறம். கோத்த மாலையைப் புடவையோடு மடித்து வைக்காதீர்கள், வாசனைத் தைலம் தடவிய பிறகு உடனே போடாதீர்கள். கூடுமானவரை மொத்த மாலைக்கும் ஒரே பொட்டலத்தில் வாங்குங்கள், அடுத்த பொட்டலம் வேறு இளஞ்சிவப்பாக இருக்கும்.

செந்தூல் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. போன வாரம் வெட்கத்தை விட்டு அந்த அம்மாவுக்குப் போன் போட்டு மாலையைக் கேட்டு வாங்கினேன். கூடவே ரவிக்கை தைத்து மிஞ்சிய துண்டையும் கேட்டேன். இப்போது மேசையில் அதுதான் விரித்திருக்கிறது. செங்கல் சிவப்பு வைத்தேன் தம்பி, பார்டர் அரக்கோடு மோதுகிறது. பழந்தங்க நிறத்தில் மேட் பாசி இரண்டுக்கு ஒன்று வைத்தேன், அறையின் கோடியில் நின்றாலும் தெரிகிறது. இரவில் மஞ்சள் விளக்கு மட்டும் போட்டும் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை கிள்ளான் போகிறேன்.

ஜார்ஜ்டவுன்காரி, அந்தப் பாட்டி இரண்டாவது மாலையைப் போட்டாரா?

ஜார்ஜ்டவுன்காரி:

புத்தாண்டுப் படம் ஒன்று பேத்தி அனுப்பினாள். கழுத்தில் இல்லை, கெபாயாவுக்கு கெரோங்சாங் என்கிற நகை ஊசிகள் மூன்றும் குத்தியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கை மணிக்கட்டில் மூன்று சுற்றாகச் சுற்றிக் கட்டியிருக்கிறார், ரோஜாவும் மயில் பச்சையும்.