மறுமொழி: நவஹோ உடன்படிக்கை (1868) – ‘ரிசர்வேஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 1868ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று நியூ மெக்சிகோவின் சம்னர் கோட்டையில் நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களும் அமெரிக்க அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையின் 13 பிரிவுகளையும் தமிழாக்கி வருவதாகவும், பழங்குடி மக்களுக்குரிய நிலப்பகுதியைக் குறிக்கும் ‘ரிசர்வேஷன்’ என்ற ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டதாகவும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். மறுமொழி அனுப்பியவர்களுக்கு நன்றி. மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன.

> ‘ஒதுக்கிடம்’ என்றே வைக்கலாம். எல்லோருக்கும் புரியும்.

> வனத்துறை ‘காப்புக்காடு’ என்று எழுதுகிறது. அதைப் பின்பற்றி ‘காப்புநிலம்’ எனலாமே?

> உடன்படிக்கையால் வந்த நிலம்தானே, ‘உடன்படிக்கை நிலம்’ என்றால் தெளிவாக இருக்கும்.

மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழங்குடி மக்களோடு உடன்படிக்கை செய்யும் முறையையே அமெரிக்க நாடாளுமன்றம் 1871இல் நிறுத்திவிட்டது. நவஹோ நிலம் 1878 முதல் பலமுறை விரிவடைந்தபோது, அந்த விரிவு குடியரசுத் தலைவரின் ஆணைகளாலும் பின்னர் சட்டங்களாலும் நடந்ததே ஒழிய உடன்படிக்கையால் நடக்கவில்லை. இன்று அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 27,000 சதுர மைல் பரந்துள்ள அந்நிலத்தின் பெரும்பகுதியை ‘உடன்படிக்கை நிலம்’ என்றால் அது பிழையாகிவிடும்.

‘ஒதுக்கிடம்’ என்பதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு வடக்கே 37ஆம் அட்சக்கோட்டையும், தெற்கே பழைய டிஃபையன்ஸ் கோட்டை வழியாகச் செல்லும் கோட்டையும் எல்லைகளாக வகுத்து, மேற்கு எல்லை ஷே பள்ளத்தாக்கின் வாய்ப்பகுதியை உள்ளடக்க வேண்டும் என்றும் சொல்லி, அந்த நிலப்பகுதி நவஹோ குடியின் பயன்பாட்டுக்கும் குடியிருப்புக்கும் ‘ஒதுக்கி வைக்கப்படுகிறது’ என்ற பொருளில்தான் முடிகிறது. அந்த வினையை நானும் அப்படியே தமிழாக்கியிருக்கிறேன். மூலத்தில் உள்ளதை மாற்ற எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த நிலத்துக்கு நிலையான பெயராக ‘ஒதுக்கிடம்’ என்பதை வைத்தால் இரண்டு இடர்ப்பாடுகள் வருகின்றன. ஒன்று, ரிசர்வேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது கல்வி, வேலைவாய்ப்பு இட ஒதுக்கீடு. அதிலிருந்து ஒலியளவில்கூட விலகாத ஒரு சொல்லை வேறொரு கருத்துக்கு வைப்பது குழப்பத்தை நிலைநிறுத்தும். மற்றொன்று இன்னும் ஆழமானது. ஊரைவிட்டு ஒதுக்கி வைத்தல், ஒதுக்குப்புறம், ஒதுக்கித் தள்ளுதல் என்று நம் வழக்கில் இந்த வேர் வரும் இடங்களையெல்லாம் பாருங்கள். ஒதுக்குபவர் ஒருவர், ஒதுக்கப்படுபவர் வேறொருவர். நிலம் அரசின் சொத்து, அதில் ஒரு மூலையை அரசு இவர்களுக்குக் கொடுத்தது என்ற கதையைச் சொல் தானாகவே சொல்லிவிடுகிறது.

நடந்தது அதுவன்று. 1863-64இல் அமெரிக்கப் படைத்தலைவர் கிட் கார்சனின் படை, நவஹோக்கள் வாழ்ந்த ஷே பள்ளத்தாக்கின் சோளக்கொல்லைகளையும் பீச் மரங்களையும் அழித்த பிறகு, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் 300 மைலுக்கும் அதிகமான தொலைவு நடத்திச் செல்லப்பட்டு, பெகோஸ் ஆற்றங்கரையில் போஸ்கே ரெடோண்டோ என்ற இடத்தில் நான்கு ஆண்டுகள் அடைத்து வைக்கப்பட்டார்கள். உவர்ப்பான ஆற்றுநீரும், ஆண்டுதோறும் புழு தின்ற பயிரும், விறகுக்குப் பல மைல் நடையுமாக அங்கே வாழ்ந்தவர்கள் அவ்விடத்தை ஹுவேல்தி என்று அழைக்கிறார்கள். 1868 மே 28 அன்று பேச்சுவார்த்தை தொடங்கியபோது, அரசின் சார்பில் வந்த ஜெனரல் ஷெர்மன், இன்றைய ஓக்லஹோமாவில் இருந்த இந்தியர் பிரதேசத்துக்குப் போகலாமே என்று கேட்டார். நவஹோக்களின் சார்பில் பேசிய பார்போன்சீட்டோ, தம் மக்கள் படைக்கப்பட்டபோதே நான்கு மலைகளும் நான்கு ஆறுகளும் காட்டப்பட்டு அவற்றுக்குள் வாழுமாறு சொல்லப்பட்டது என்றும், தம் சொந்த நாட்டைத் தவிர வேறெந்த நாட்டுக்கும் போகும்படி கேட்க வேண்டாம் என்றும் பதிலளித்தார். கிடைத்தது முன்பு அவர்கள் வாழ்ந்த நிலத்தில் ஒரு பகுதி மட்டுமே என்றாலும், அது யாரோ கொடுத்த நிலம் இல்லை. இருந்ததில் பெரும்பகுதியை இழந்த பிறகு கையில் எஞ்சியது.

அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1905இல், கொலம்பியா ஆற்றில் யாக்கமா மக்களுக்கிருந்த மீன்பிடி உரிமை குறித்த வைனன்ஸ் வழக்கில், உடன்படிக்கை என்பது பழங்குடியினருக்கு அரசு தந்த உரிமை ஆகாது, அவர்கள் அரசுக்குத் தந்த உரிமை, தராதவற்றை அவர்கள் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள் என்ற பொருள்பட எழுதியது. இச்சொல்லின் சட்டப்பொருள் இந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 1908ஆம் ஆண்டின் வின்டர்ஸ் தீர்ப்பு நிலத்தோடு நீருக்கும் அதை நீட்டியது. நவஹோக்கள் நீர் கேட்டுத் தொடுத்த வழக்கில், அந்த நீரை உறுதிசெய்ய அரசு நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று 1868 உடன்படிக்கை கட்டாயப்படுத்தவில்லை என 2023இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தபோதும், நீருரிமை நிலத்தோடு சேர்ந்தது என்ற கொள்கை மறுக்கப்படவில்லை.

‘காப்புநிலம்’ செவிக்கு இனிதாக இருக்கிறது, முன்மாதிரியும் இருக்கிறது. ஆயினும் காப்புக்காட்டில் காப்பது வனத்துறை, காக்கப்படுவது காடு, விலக்கப்படுவது பெரும்பாலும் அங்கே வாழும் மனிதர். தமக்கென நீதிமன்றங்களும் மன்றமும் கொண்டு, 1969 முதல் ‘நவஹோ தேசம்’ என்றே தம்மை முறைப்படி அழைத்துக்கொள்ளும் மக்களின் நிலத்துக்கு அந்தச் சாயல் படியக் கூடாது.

என் பரிந்துரை ‘இருப்புநிலம்’.

கணக்குப் புத்தகத்தில் வரவு, செலவு, இருப்பு என்று எழுதுகிறோம். கொடுத்தது போகக் கையில் நிற்பதுதான் இருப்பு. அதை யாரும் நமக்குக் கொடுப்பதில்லை, அது நம்முடையதாகவே இருந்தது. 1905ஆம் ஆண்டுத் தீர்ப்பு பல வரிகளில் விளக்கியதை நம் கடைக்கணக்குச் சொல் தன்னுள் வைத்திருக்கிறது என்பதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. கையிருப்பு, தங்க இருப்பு என்று ரிசர்வ் என்பதற்கு ஏற்கெனவே இச்சொல்லைப் பயன்படுத்தி வருகிறோம். இருத்தல், குடியிருத்தல் என்ற பொருளும் உடன் வருகிறது. சட்டத்தில் வரும் தொடர்புடைய கருத்துக்கு ‘இருப்புரிமை’ என்று எளிதில் நீட்டலாம்.

ஒரு தடை எழும் என்று எதிர்பார்க்கிறேன். ‘இருப்புப்பாதை’ என்பதில் வரும் இருப்பு இரும்பு அல்லவா, ‘இருப்புநிலம்’ இரும்புத்தாது கிடைக்கும் நிலம் என்று படாதா? உடன்படிக்கையின் 9ஆம் பிரிவிலேயே தொடர்வண்டிப் பாதை வருவதால் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. அங்கே ‘தொடர்வண்டிப் பாதை’ என்று எழுதிவிட்டேன். மற்றபடி, கையிருப்பைக் கேட்டு இரும்பை நினைப்பவர் இல்லை என்பதால், முதல் முறை வரும்போது ஒரு விளக்க வரி போதும் என்று கருதுகிறேன்.

இச்சொல்லை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு 13ஆம் பிரிவே காரணம். நிலத்தைக் குறிக்கும் பெயரும் அதே வேரிலிருந்து வரும் வினையும் அங்கே ஒரே வாக்கியத்தில் வருகின்றன, அந்த வினைக்கு எழுவாய் நவஹோ மக்கள். ‘வேட்டையுரிமையை ஒதுக்கிக்கொண்டு’ என்று எழுதினால், பிறர் பொருளைச் சுருட்டியதுபோல் ஒலிக்கிறது. ‘காத்துக்கொண்டு’ என்றால் பெயரும் வினையும் பொருந்தினாலும் சட்டப்பொருள் நழுவிவிடுகிறது. இரு என்பதிலிருந்து இருப்பு, இருத்து இரண்டும் பிறப்பதால் இங்கே சிக்கல் தீர்கிறது.

சொற்களின் எடையை இவ்வளவு நிறுத்துப் பார்ப்பது தேவையா என்று ஒரு நண்பர் தனி மடலில் கேட்டிருந்தார். சம்னர் கோட்டையில் பேச்சு நவஹோ மொழியிலிருந்து ஸ்பானிஷுக்கும் ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கும் இரண்டு மொழிபெயர்ப்பாளர் வாய்வழியாகப் போனது. ஹெசுஸ் ஆர்விசோ ஒருபுறமும் ஜேம்ஸ் சதர்லாண்ட் மறுபுறமும் நின்றார்கள். நவஹோ தலைவர்களில் பெரும்பாலோர் தம் பெயருக்கு நேரே பெருக்கல் குறிதான் இட்டார்கள். அவர்கள் ‘நால்ட்சோஸ் சானி’, அதாவது பழைய தாள், என்று அழைக்கும் அந்த ஆவணம் நான்காவது மொழிக்கு வரும்போது, அவர்கள் விட்டுக்கொடுக்காததை நாம் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

13ஆம் பிரிவின் முதல் வாக்கியத்தை இப்போது இப்படி அமைத்திருக்கிறேன். திருத்தம் இருந்தால் எழுதுங்கள், குறிப்பாக ‘நிலையான தாயகம்’ என்ற தொடர் பொருந்துகிறதா என்று.

“இவ்வுடன்படிக்கையில் பெயர் குறிக்கப்பட்ட குடியினர், இங்கே விவரிக்கப்பட்ட இருப்புநிலத்தைத் தமது நிலையான தாயகமாக்கிக்கொள்ள இசைகின்றனர், முன்னர்த் தம்முடையவை எனப்பட்டவையும் மேற்படி இருப்புநிலத்தை ஒட்டியவையுமான நிலங்களில் வேட்டையாடும் உரிமையை, இவ்வுடன்படிக்கையில் கூறப்பட்ட மாற்றங்களுக்கு உட்பட்டுத் தம்மிடமே இருத்திக்கொண்டு, ஒரு குடியாக வேறெங்கும் நிலையான குடியிருப்பு அமைக்காதிருக்கவும் இசைகின்றனர்.”

அன்புடன்.