ஃபைபர் தகட்டுல பிட் ஏன் இவ்வளவு சீக்கிரம் மழுங்குது? மலையகத்துல இந்த வேலை செய்றவங்க, ஊர்ப் பேர்ல, சொல்றது:

ஹட்டன்:
தண்ணித் தாங்கிக்கு ஓட்டை போடவும், தேயிலை ஸ்டோர் கூரைக்கு ஷீட் வெட்டவும் ஹைஸ்பீட் ஸ்டீல் பிட்டை மாட்டிட்டு, சில ஓட்டையிலேயே மழுங்கினதும் பிட் போலின்னு நினைக்கிறாங்க. தகட்டுல இருக்கிறது கண்ணாடி இழை. அதை ஒட்டிப் பிடிக்கிற பிசின், அதாவது ரெசின், மிருதுவானது, இழைதான் முனையை அரைச்சு எடுக்குது. அதைவிடக் கடினமான கார்பைட் பிட்டுக்கு மாறுறதுதான் முதல் வேலை.

அதோட முடியல. முனை உரசினா சாகும், வெட்டினா பிழைக்கும். பயந்து பயந்து மெதுவா தள்ளுறதுலதான் நிறைய பிட் போகுது. பக்கவாட்டுல வெட்டிட்டுப் போற ரௌட்டர் பிட், 6 மி.மீ., ரெண்டு வெட்டு முனை உள்ளது, அதுக்கு நிமிஷத்துக்கு 8,000 சுற்றும், ஒரு முனைக்கு 0.05 மி.மீ. தள்ளலும் வச்சா நிமிஷத்துக்கு 800 மி.மீ. ஓடணும். அதைப் பாதியாக்கினா முனை அதே நீளத்துக்கு ரெண்டு மடங்கு தரம் உரசும்.

இன்னொன்னு, பலரும் விடுறது. 6 மி.மீ. தகடு பிட்டோட அந்த 6 மி.மீ. பகுதியை மட்டும்தான் தேய்க்கும். வெட்டு நீளம் 20 மி.மீ. இருந்தா, ஓரத்துல இழை பிசிறு தெரிய ஆரம்பிச்சதும் ஆழத்தை 6 மி.மீ. மாத்துங்க, புது முனை வரும். ஒரே பிட்டுல மூணு பிட்டு வேலை வாங்கலாம்.

நுவரெலியா:
அண்ணே சொன்னது சரி. ஆனா எங்க குளிர்ப் பக்கம் அதுக்கு முன்னாடி ரெசின் காய்ஞ்சிருக்கான்னு பாக்கணும். 15 பாகைக்குக் கீழ பொலியெஸ்டர் ரெசின் சரியா இறுகாது. மேல தொட்டா கெட்டி, உள்ள பச்சை. வெட்டும்போது இளகி பிட்டோட பள்ளத்துல அப்பிக்கும், சில்லு வெளிய போக வழி இல்லாம சூடு ஏறும், இன்னும் இளகும். மழுங்கலுன்னு தூக்கிப்போடுற பிட்டுல பாதி இப்படி அடைச்சதுதான், அசிட்டோன்ல ஊறவச்சு பிரஷ் போட்டா திரும்பும்.

வெட்டின ஓரத்தை அசிட்டோன் துணியால தேய்ங்க. பிசுபிசுப்பு வந்தா வெட்டாதீங்க. மெழுகு சேர்க்காத ரெசின்ல காத்து பட்ட பக்கம் எப்பவும் கொஞ்சம் ஒட்டும், அதை வச்சு முடிவு செய்யக்கூடாது. பெட்டி கட்டி 40 பாகையில 16 மணி நேரம் வச்சா இறுகும். குளிருன்னு, ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னரை 2 சதவீதத்துக்கு மேல ஊத்துறது தீர்வே இல்ல.

பண்டாரவளை:
நேர் வெட்டுக்கு கிரைண்டர்ல டைல் வெட்டுற டயமண்ட் பிளேடு போதும். ரெசின் அப்பி வெட்டு குறைஞ்சா செங்கல்ல ரெண்டு தரம் ஓட்டுங்க, புது டயமண்ட் துகள் வெளிய வரும். ஓட்டை போடும்போது பின்னால பலகைத் துண்டை இறுக்கி வைங்க, இல்லன்னா பிட் வெளிய வர்ற இடத்துல அடுக்கு பிரியும். மழுங்கின பிட் இன்னும் மோசம், அமுக்கம் கூடிப் பிரிச்சே விடும்.

ஹட்டன்:
தம்பி, தங்கக் கலர் டைட்டேனியம் பூச்சு பிட்டுக்கு இந்த வேலைக்குன்னு காசு கொடுக்காதீங்க. பூச்சு முனையில முதல்ல தேயும்.

தலவாக்கலை:
லேத்துல (கடைசல் மெஷின்) பண்றவங்க அதோட அடித்தளத்தைத் துணியால மூடுங்க. இந்தத் தூசி, நகர்ற பாகத்துல இருக்கிற எண்ணெயோட சேர்ந்தா அரைக்கிற பேஸ்ட் ஆயிடும், பிட்டைக் காப்பாத்திட்டு மெஷினைக் கெடுக்காதீங்க. கம்ப்ரெஸர் காத்துல ஊதாதீங்க, வெட்டுற இடத்துலயே வாக்குவம் குழாயை வைங்க. மாஸ்க் மூக்குல ஒட்டி நிக்கணும், துணி மாஸ்க் நுண் தூசிக்கு ஆகாது. கை அரிச்சா தேய்க்காம பச்சைத் தண்ணியில கழுவுங்க.