டோர்ஷோன் லேஸ்: நடுக்கோட்டில் நூல்கள் ஒத்துப்போகவில்லை, உதவுங்கள்

வணக்கம். பாபின் லேஸில் (சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களைக் குறுக்கிட்டு முறுக்கிப் பின்னும் வலைப்பின்னல்) டோர்ஷோன் என்ற வகைக் கழுத்துப்பட்டி ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன். 45 பாகைச் சாய்வில் புள்ளி குத்திய மாதிரி அட்டையை நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் லென்ஸ் வைத்து ரோஸ் கிரவுண்ட் என்ற பின்னணி வலைப் பகுதியைப் பார்த்தால் நூல்கள் பொருந்தவில்லை. கிராஸ் (பக்கத்துப் பக்கத்து இரண்டு ஜோடிகளின் நடு நூல்கள் இரண்டையும் குறுக்கே மாற்றுவது) போடும்போது எப்போதும் இடது நூல்தான் வலதுக்கு மேலே போகிறது. கண்ணாடியில் பார்த்தால் அது மாறித்தானே வர வேண்டும்? தடித்த நூல் என்பதால் பளிச்சென்று தெரிகிறது, மனசு ஒப்பவில்லை.

வலப் பாதியில் மட்டும் கிராஸ், ட்விஸ்ட் (ஒரே ஜோடியின் இரண்டு நூல்களை ஒன்றின்மேல் ஒன்றாக முறுக்குவது) இரண்டையும் மாற்றிப் போட்டு யாராவது பின்னியிருக்கிறீர்களா? அப்புறம், நடுக்கோட்டின் மேலேயே விழும் கிராஸை என்ன செய்தீர்கள்? அங்கே எப்படிப் போட்டாலும் ஒரு நூல் மேலே வந்துதானே தீரும். கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.