நடுவரைப் பற்றி மைக்கில் பேசினால் இரண்டு வருடத் தடையா?

செக்காலைக்காரன்:
பக்கத்து ஊர்த் திருவிழாக் கபடியில் தோற்ற அணியின் கோச், பரிசளிப்பு மேடையில் மைக்கை வாங்கி, "கடைசி ரைடில் போனஸ் புள்ளி இருந்தது, நடுவர் கொடுக்கவில்லை" என்றாராம். அவ்வளவுதான். அந்த அணி இரண்டு வருடம் ஆட வரக்கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. அதைப் பாராட்டி நேற்று கல்லுக்கட்டி விசில் எழுதியிருக்கிறார்: "நடுவரைப் பற்றி வாய் திறக்கிறவனுக்கு மைதானத்தில் என்ன வேலை?" படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. தோனியே ஜெய்ப்பூர் ஐபிஎல் ஆட்டத்தில் மைதானத்துக்குள் நடந்து போய் நடுவரிடம் நியாயம் கேட்டாரே, அவருக்கும் வேலை இல்லையா?

கல்லுக்கட்டி விசில்:
இல்லைதான். 2019இல் அதற்குத்தான் ஆட்டச் சம்பளத்தில் 50 சதவீதத்தைப் பிடித்தார்கள். அவுட்டாகி வெளியே போனவர், ஆட்டம் நடக்கும்போது உள்ளே வரலாமா? தல என்றால் சட்டம் தலைகீழாகிவிடுமா?

செக்காலைக்காரன்:
நடுவர் கை தூக்கினார் ஐயா! கடைசி ஓவரில் ஸ்டோக்ஸ் போட்டது சான்ட்னருக்குத் தரையில் படாமல் இடுப்பு உயரத்தில் வந்த புல்டாஸ். உல்லாஸ் காந்தே நோ பால் என்று கை தூக்கினார். லெக் பக்கம் நின்ற இன்னொரு நடுவர் ஆக்ஸன்போர்ட் இல்லை என்றதும் கை இறங்கிவிட்டது. தூக்கிய கையை எப்படி இறக்கலாம்?

கோட்டையூரான்:
ஒரு நிமிடம். விளக்கம் கேட்பது வேறு, குறை சொல்வது வேறு, திட்டுவது வேறு. இதில் எதை அனுமதிக்கலாம் என்று பேசுகிறோம்? அதை முதலில் முடிவு செய்துகொள்வோமா?

செக்காலைக்காரன்:
கோட்டையூரார் வகுப்பு எடுக்க வந்துவிட்டார். காந்தே கை தூக்கினாரா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

கல்லுக்கட்டி விசில்:
தூக்கினார், இறக்கினார். தன் முடிவை உடனே மாற்றிக்கொள்ள நடுவருக்கு உரிமை உண்டு என்று கிரிக்கெட் சட்டத்திலேயே இருக்கிறது. படித்துப் பார்த்திருந்தால் தெரியும்.

தேவகோட்டை ரஸ்தா:
உள்ளே போனது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். அஸ்வின் என்ன செய்தார்? 2023இல் சேப்பாக்கத்தில் யாரும் கேட்காமலே, பனி என்று அம்பயர்களே பந்தை மாற்றினார்கள். ஆட்டம் முடிந்த பிறகு நிருபர்களிடம், எனக்கு இது புரியவில்லை என்றார். அதற்குச் சம்பளத்தில் 25 சதவீதம் போச்சு. புரியவில்லை என்று சொல்வதற்கும் அபராதமா?

கல்லுக்கட்டி விசில்:
விட்டால் எங்கே போய் நிற்கும் தெரியுமா? அதே வருடம் டாக்காவில் நம்ம பெண்கள் கிரிக்கெட் அணியின் ஹர்மன்பிரீத் கவுர் ஸ்டம்பை அடித்தார். அது போதாதென்று மேடையில் வேறு அம்பயர்களைத் தாளித்தார். இரண்டு ஆட்டம் தடை. கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து கோச் பெங்களூரில் அணியையே கூட்டிக்கொண்டு வெளியேறினார். கிளப்புக்கு 4 கோடி அபராதம், அவருக்கு 10 ஆட்டம் தடை. எல்லாம் "கேள்விதானே கேட்டோம்" என்று ஆரம்பித்ததுதான்.

தேவகோட்டை ரஸ்தா:
2008 சிட்னி டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் சைமண்ட்ஸுக்கு மட்டை விளிம்பில் பந்து பட்டும் அம்பயர் பக்னர் அவுட் தரவில்லை. நம்ம ஆட்கள் சத்தம் போட்டதால்தான் அடுத்த பெர்த் டெஸ்டில் அவர் நிற்கவில்லை.

கல்லுக்கட்டி விசில்:
அது சத்தமா? இந்திய கிரிக்கெட் போர்டின் பணபலம். ஏழை நாடு கேட்டிருந்தால் மாற்றியிருப்பார்களா?

செக்காலைக்காரன்:
பக்னரை விடுங்கள், 4 கோடியை விடுங்கள். கை தூக்கினார். கோடிப் பேர் டிவியில் பார்த்தோம்.

கல்லுக்கட்டி விசில்:
நீங்கள் டிவியில் பார்ப்பவர். நான் களத்தில் நிற்பவன். திருவிழாக் கபடியில் நடுவர் என்ன பார்க்கிறார் தெரியுமா? போனஸ் கொடுக்க, எதிரணியில் உள்ளே ஆறு பேராவது இருக்கிறார்களா என்று எண்ண வேண்டும். ரைடரின் முன்கால் போனஸ் கோட்டைத் தாண்டும்போது பின்கால் தரையை விட்டு எழும்பியிருக்கிறதா பார்க்க வேண்டும். கோட்டுச் சுண்ணாம்பு பாதி மிதிபட்டு அழிந்திருக்கும், டியூப்லைட்டில் பூச்சி மொய்க்கும், பின்னால் ஒருத்தன் சட்டையைப் பிடித்து இழுப்பான். விடிய விடிய நின்றால் ஒரு துண்டும் பிரியாணிப் பொட்டலமும். அதற்கப்புறம் மைக்கில் திட்டு வேறு வாங்க வேண்டுமா?

செக்காலைக்காரன்:
கண் தெரியவில்லை என்றால் துண்டை வாங்காதீர்கள். இவர் யார் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். டென்னிஸ் பால் மேட்சில் போய், பந்து காலில் பட்டதென்று எல்பி அவுட் கொடுத்த மகான்!

பள்ளத்தூர் பையன்:
அண்ணே, நிஜமாவா? டென்னிஸ் பாலில் எல்பியா?

கல்லுக்கட்டி விசில்:
அந்தப் போட்டியில் எல்பி உண்டு என்று காலையிலேயே சொல்லியாச்சு. இவர் அணி தாமதமாக வந்தது. கால் ஸ்டம்புக்கு நேராகத்தான் இருந்தது.

தேவகோட்டை ரஸ்தா:
காரைக்குடிக்காரர்கள் தாமதமாக வருவது புதுசா என்ன?

செக்காலைக்காரன்:
தேவகோட்டைக்காரர் நேரத்தைப் பற்றிப் பேசுகிறார், சரிதான். போன கோடையில் மழை வந்து உங்கள் போட்டி நின்றதே, எங்கள் நுழைவுக் கட்டணம் எங்கே போச்சு? அதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
பந்தலுக்கும் சவுண்ட் சர்வீஸுக்கும் உங்கள் மாமாவா கொடுப்பார்?

பள்ளத்தூர் பையன்:
பேசாமல் சிராவயல் பொட்டலுக்கு வாங்க. மஞ்சுவிரட்டில் அம்பயரும் இல்லை, நோ பாலும் இல்லை.

கோட்டையூரான்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கேப்டன் மட்டும் கேட்கலாம், மற்றவர்கள் எழுத்தில் புகார் கொடுக்கலாம் என்று வைத்தால் என்ன?

செக்காலைக்காரன்:
புகாரை யாரிடம் கொடுப்பது? கமிட்டியிடம். கமிட்டியில் யார்? நடுவரின் மச்சான். தோனி மனு எழுதியா ஜெயித்தார்? கடைசிப் பந்தில் சான்ட்னர் சிக்ஸர் அடித்து ஜெயித்தோம்!

கல்லுக்கட்டி விசில்:
நீங்களே சொல்லிவிட்டீர்கள். சிக்ஸர்தான் ஜெயிக்க வைத்தது. உள்ளே நடந்து போனதால் ஒரு ரன்கூட வரவில்லை.

செக்காலைக்காரன்:
ரன் வரவில்லை என்றால் கை தூக்கியது பொய்யாகிவிடுமா? அந்த இடத்தை நிறுத்திப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ராத்திரி போடுகிறேன், எத்தனை விரல் தெரிகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கல்லுக்கட்டி விசில்:
போடுங்கள். அப்படியே அந்த எல்பி மேட்சில் ஸ்கோர் நோட்டைக் கிழித்தது யார் என்றும் எழுதுங்கள்.

செக்காலைக்காரன்:
நோட்டு மழையில் நனைந்தது. கிழிக்கவில்லை.

தேவகோட்டை ரஸ்தா:
அன்றைக்கு ஏது மழை?